ஒரு தரம், இரண்டு தரம்!

ஏலம் என்றதும் பட்டணத்து நேயர்களுக்கு ஜப்தி நினைவுக்கு வரும். தமுக்கடிப்பவனும், வாசலில் வந்து விழும் பாத்திரம் பண்டங்களும், அவமானம் தாங்காமல் கதவை மூடிக்கொள்ளும் குடும்பமும் மனக்கண் முன் தோன்றும். செட்டிநாட்டில் அந்தச் சொல்லுக்கு வேறொரு முகமும் உண்டு. பிள்ளையார் நோன்பன்று நகரத்தார் ஒன்று கூடி இழை எடுத்துக்கொண்ட பிறகு, உப்பு, எலுமிச்சம்பழம் முதலிய மங்கலப் பொருள்களை ஏலம் கூறுவார்கள். கடைத்தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் உப்பு அந்தச் சபையில் ஆயிரக்கணக்கான ரூபாய்க்குப் போகும். எடுத்தவர் ஏமாந்துவிட்டதாக ஒருவரும் சொல்லமாட்டார்கள். விலை உப்புக்கு அன்று. அது இருந்த இடத்துக்கும் வந்த கைக்கும் என்பது அங்கே சிறு குழந்தைக்கும் தெரியும்.

பழைய கடிதங்களையும், பெரியோர் கையொப்பமிட்ட தபால் உறைகளையும் ஏலத்தில் எடுக்கும் பித்துப் பிடித்தவர்களைப் பற்றி இவ்வாரம் எழுத உட்கார்ந்தபோது மேற்படி உப்பு ஏலந்தான் நமக்கு முதலில் ஞாபகம் வந்தது. காலணாக் கார்டுக்கு லட்ச ரூபாயா என்று கேட்பவர்கள் உண்டு. காரைக்குடிப் பக்கத்து மனிதர் மட்டும் அப்படிக் கேட்கக் கூடாது.

மகாத்மா காந்தி 1927-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் செட்டிநாட்டுக்கு விஜயம் செய்தார். கதர் நிதி திரட்டுவது அந்தப் பிரயாணத்தின் நோக்கம். வரவேற்புப் பத்திரங்களையும், அவற்றை வைத்துக் கொடுத்த வெள்ளிப் பேழைகளையும், தமக்கு அணிவித்த கதர் மாலைகளையும் மேடையிலேயே ஏலம் விட்டுப் பணமாக்கிவிடுவது அக்காலத்தில் காந்திஜியின் வழக்கம். பிற்பாடு ஹரிஜன நிதிக்காகத் தமது கையொப்பத்துக்கே விலை வைத்தார். ஒரு கையொப்பத்துக்கு ஐந்து ரூபாய். உலகில் தம் கையெழுத்தை விற்று வறியவர்க்கு வழங்கிய முதல் வியாபாரி அவராகத்தான் இருக்க வேண்டும்! அன்று ஐந்து ரூபாயா என்று முகத்தைச் சுளித்துவிட்டு நோட்டுப் புத்தகத்தைச் சட்டைப்பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டவர்களின் பேரப் பிள்ளைகள் இன்று என்ன நினைப்பார்களோ, நாம் அறியோம்.

ஏனெனில் அதே கையெழுத்து இன்று கடல் கடந்து செய்யும் காரியங்கள் சாமானியமானவை அல்ல. காந்திஜி தாம் மறைவதற்குச் சில வாரங்களுக்கு முன் எழுதிய ஒரு கையெழுத்துப் பிரதி 2007-ஆம் ஆண்டில் லண்டன் கிறிஸ்டீஸ் கம்பெனியில் ஏலத்துக்கு வந்தது. நமது சர்க்கார் தலையிட்டு, ஏலத்தை நிறுத்தச் செய்து அதை வாங்கிக்கொண்டது. தென்னாப்பிரிக்காவில் அவருடைய ஆப்த நண்பராயிருந்த ஹெர்மன் காலன்பாக்கின் வீட்டுக் கடிதக் கட்டுகள் 2012-இல் ஸோதபீஸ் கம்பெனியின் ஏலப் பட்டியலில் ஏறின. சுத்தியல் விழுவதற்கு முன்பே சுமார் 7 லட்சம் பவுன் கொடுத்து, அவற்றையும் சர்க்கார் மொத்தமாக வாங்கி டில்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் சேர்த்தது. மொத்தமாக வாங்கியது என்பதை நேயர்கள் சற்று மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

தபால் தலையிலும் ஒரு விந்தை உண்டு. சுதந்திரத்தின் முதலாண்டு நிறைவான 1948 ஆகஸ்டு 15 அன்று காந்திஜியின் உருவம் பொறித்த நான்கு தலைகள் வெளியாயின, ஸ்விட்ஸர்லாந்தில் அச்சானவை. அவற்றில் பத்து ரூபாய்த் தலையில் சிலவற்றின் மேல் 'சர்வீஸ்' என்று அச்சிட்டுக் கவர்னர் ஜெனரலின் உபயோகத்துக்கென்று கொடுத்தார்கள். அப்போது அந்தப் பதவியில் வீற்றிருந்தவர் நம் ராஜாஜி. எதிலும் சிக்கனம் பார்க்கிற அவருடைய ஆபீஸுக்குப் போன அந்த நூறு செட்டு, பின்னர் உலகத்திலேயே கிடைத்தற்கரிய தலைகளுள் சேர்ந்துவிட்டது. நான்கு தலைகள் ஒன்றாக ஒட்டியிருந்த ஒரு துண்டு 2017-இல் இங்கிலாந்தில் 5 லட்சம் பவுனுக்கு விலைபோயிற்று.

இத்தகைய பவுன் கணக்கெல்லாம் நமக்கு எட்டாதவை. நாம் காரைக்குடிக்குத் திரும்புவோம்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. வெளிநாட்டுப் பீங்கான், எனாமல் தூக்குச்சட்டி, ரவிவர்மா படம், பெல்ஜியம் கண்ணாடி, பர்மாத் தேக்குக் கதவு, பித்தளைக் குத்துவிளக்கு என்று, இடிந்த வளவுகளும் பாகம் பிரிந்த வீடுகளும் அங்கே சில்லறையாக வந்து நிற்கும். சுற்றுலாக்காரர்கள் எனாமல் சட்டியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நம்மைப் போன்ற பித்தர்களோ கடையின் பின்கட்டில், குப்பை என்று ஒதுக்கி வைத்திருக்கும் தகரப் பெட்டியைத் தேடிப் போவோம்.

சென்ற வருஷம் நாம் போனபோது கடைக்காரர் ஒரு பெட்டியைத் திறந்து காட்டி, "அண்ணே, தலை இருக்கிற கவர் தனி, தலை இல்லாத கவர் தனி. இல்லாததை எடைக்கே தந்துவிடலாம்" என்றார். எட்டிப் பார்த்தோம். கத்தரிக்கோலால் மூலை வெட்டிய உறைகள் நூற்றுக்கு மேல் கிடந்தன. ஐந்தாம் ஜார்ஜின் தலையை எத்தனையோ தேசபக்தர்கள் மனத்தால் கொய்திருப்பார்கள். உண்மையில் கொய்தவர்கள் தலை சேர்க்கும் பள்ளிப் பிள்ளைகள்தான். ராஜாவின் தலையோடு, தபால் முத்திரையின் பாதியும் போய்விடுகிறது. எந்த ஊரில், எந்தத் தேதியில் போட்ட கடிதம் என்று இனி எந்தக் கடவுள் வந்து சொல்வது?

செட்டிநாட்டுக் கடிதம் என்பது தபால் சரித்திரம் படிப்பவர்களிடையே பிரசித்தமான ஒரு ஜாதி. 'கொண்டுவிக்க' என்று கப்பலேறியவர்கள் ரங்கூன், மௌல்மீன், பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு, சைகோன் என்று பரவி, கிட்டங்கிகளில் பெட்டியடிப் பையனாகத் தொடங்கி, அடுத்தாளாகி, மேலாளாகி, கணக்கும் கடிதமுமாகவே காலம் கழித்தார்கள். ஒரே வீட்டுப் பெட்டியில் பிரெஞ்சு இந்தோசீனத் தலையும், மலாய் நாட்டுப் புலித் தலையும், இலங்கைத் தலையும் பக்கம் பக்கமாகக் கிடக்கும். பர்மாக் கடிதங்களில் ஒரு நுட்பம் உண்டு. 1937 ஏப்ரல் 1-ஆம் தேதி பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. அதுவரை ரங்கூனில் ஒட்டியதும் நம் இந்தியத் தலைதான். அதன் பிறகு அதே தலையின் மேல் 'பர்மா' என்று அச்சிட்டார்கள். பிரிவினைக்கு ஒரு மாதம் முன்னும் பின்னும் ஒரே மனிதர் ஒரே வீட்டுக்கு எழுதிய இரண்டு உறைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஒரு ராஜ்யம் இரண்டானது கண்ணுக்குத் தெரியும்.

உள்ளே என்ன இருக்கும்? மேலே பிள்ளையார் சுழி. அப்புறம் வட்டி விகிதம், நெல் விலை, உண்டியல் சமாசாரம், கோர்ட்டு வழக்கு, இன்னாருக்குப் பெண் பேசியது, பசுமாடு கன்று ஈன்றது. கையொப்பமிடும் இடத்தில் பெரும்பாலும் ஆளின் பெயர் இராது. பாட்டன் முப்பாட்டன் பெயர்களின் முதலெழுத்துக்களைக் கோத்த 'விலாசம்' இருக்கும். கையொப்பம் சேர்க்கிறவனுக்கு இது ஏமாற்றமளிக்கும். நமக்கோ இதைவிட ருசிகரமான கையொப்பம் உலகத்தில் இல்லை என்றே தோன்றுகிறது. ஒரு மனிதன் தன் பெயரை மறைத்துக்கொண்டு நான்கு தலைமுறையின் பெயரில் கடன் கொடுக்கிறான்!

பொருளாதார மந்தம் வந்தபோது பர்மாவில் கடனுக்கு ஈடான நிலங்கள் நகரத்தார் கைக்கு வந்து சேர்ந்தன. 1930-இல் கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் ஜில்லாக்களில் நூற்றுக்கு ஆறு பங்காக இருந்த அவர்களுடைய நிலம், 1938-இல் நூற்றுக்கு இருபத்தைந்து பங்காயிற்று. அதுவே பர்மியர்களின் கோபத்துக்கும் வித்தாயிற்று. இந்த விவரத்தைச் சர்க்கார் அறிக்கைகளில் படிக்கலாம். ஆனால் நிலத்தை விரும்பி வாங்கினார்களா, பணம் வராததால் வேறு வழியின்றி ஏற்றார்களா, குத்தகைக்காரனைப் பற்றி முதலாளிக்கு மேலாள் என்ன எழுதினான் என்பதையெல்லாம் அறிக்கை சொல்லாது. தகரப் பெட்டி சொல்லும். பெட்டியைப் பிரித்து, தலை உள்ளதை ஏலக் கம்பெனிக்கும் இல்லாததை எடைக்கடைக்கும் அனுப்பிவிட்டால், பதிலில் பாதி ஓரிடத்திலும் கேள்வியில் பாதி வேறிடத்திலும் போய்ச் சேரும்.

ஒரு கடிதக் கட்டு என்னதான் செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு வ.உ.சிதம்பரம் பிள்ளையின் விஷயத்தைச் சொல்வோம். சிறையிலிருந்து மீண்ட வ.உ.சி. சென்னையில் வறுமையில் வாடிக்கொண்டிருந்தார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று திரட்டிய தொகை காந்திஜியிடம் இருந்தது. அது குறித்து 1915, 1916-ஆம் வருஷங்களில் இருவருக்குமிடையே நடந்த கடிதப் போக்குவரத்தை ஆராய்ந்து, ஆ.இரா.வேங்கடாசலபதி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். அந்தத் தொகை 347 ரூபாய் 12 அணா. புத்தகத்தின் தலைப்பிலேயே அது இருக்கிறது. மேற்படி கடிதங்களில் எதையாவது ஒருவர் எடுத்து, 'எம்.கே.காந்தி' என்ற கையொப்பத்தை மட்டும் நறுக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தால், சுவருக்கு அலங்காரம் கிடைத்திருக்கும். அந்தப் பன்னிரண்டு அணா நமக்குக் கிடைத்திராது.

போலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு வார்த்தையோடு நிற்காது என்றும் தெரியும். நாமே ஏமாந்தவர்கள் ஆதலால் அதிகாரத்தோடு சொல்லலாம். ஒரு தேசத் தலைவரின் கையொப்பமிட்ட வாழ்த்து அட்டையை ஓர் ஏலத்தில் 4,500 ரூபாய்க்கு எடுத்தோம். பெட்டியில் வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினோம். எட்டு மாதம் கழித்து அதே தலைவரின் மற்றோர் அட்டை மற்றொருவரிடம் இருக்கக் கண்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். சுழி, வால், மை தேய்ந்த இடம் எல்லாம் ஒன்று போலவே இருந்தன. பூதக்கண்ணாடியில் பார்த்தால் மை காகிதத்தில் ஊறவேயில்லை, ரப்பர் முத்திரை! மனிதன் ஒருநாளும் ஒரே மாதிரி இரண்டு கையொப்பம் இடமாட்டான். இரண்டு அப்படியே ஒத்திருந்தால் ஒன்றாவது பொய். நம் விஷயத்தில் இரண்டும் பொய்.

அதற்கப்புறம் நாம் சில காரியங்களைப் பார்க்காமல் விலை கூறுவதில்லை. பந்துமுனைப் பேனா 1940-களுக்கு முன்பு பரவலாகக் கடைக்கு வரவில்லை. ஆகவே 1930-ஆம் வருஷத்து உப்புச் சத்தியாக்கிரகத் தொண்டர் நோட்டில் பந்துமுனைப் பேனாவால் கையொப்பம் இருந்தால் நோட்டை மரியாதையுடன் திருப்பிக் கொடுத்துவிடலாம். முத்திரையின் தேதியும் தலை வெளியான தேதியும் ஒத்துவருகின்றனவா என்று பார்க்க வேண்டும். சுப்பிரமணிய பாரதியார் 1919-இல் கானாடுகாத்தானில் வை.சு.சண்முகம் செட்டியார் இல்லத்தில் தங்கினார். காரைக்குடி ஹிந்து மதாபிமான சங்கத்துக்கும் வந்தார். கையில் கோலுடன் அவர் நிற்கும் பிரசித்தமான படம் அச்சமயம் காரைக்குடியில் எடுத்ததுதான். ஆகவே பாரதியின் கைப்பட்ட காகிதம் இந்தப் பக்கத்து வீடு ஒன்றில் இன்னும் இருக்கலாம் என்ற ஆசை எல்லாச் சேகரிப்பாளர்களுக்கும் உண்டு. அந்த ஆசையை முதலாக்கி வியாபாரம் செய்கிறவர்களும் உண்டு. பாரதி தலை வெளியான உறையில் பாரதியே கையொப்பமிட்டிருப்பதாக ஒருவர் நமக்கு எழுதினார். பாரதி காலமானது 1921. தலை வெளியானது 1960. அமரகவி என்று நாம் சொல்வதை அவர் எழுத்துப்படி எடுத்துக்கொண்டார் போலும்!

பொய் என்று அவசரப்பட்டுத் தள்ளுவதும் தவறு. காந்திஜியின் இரண்டு கடிதங்களில் எழுத்து வெவ்வேறாக இருந்தால் அதற்குக் காரணம் இருக்கலாம். வலது கை ஓய்ந்தபோது அவர் இடது கையால் எழுதுவார். 1909-இல் கில்டோனன் காஸில் என்ற கப்பலில் 'ஹிந்த் ஸ்வராஜ்' எழுதியபோது நாற்பது பக்கம் இடது கையால் எழுதினார். தமிழர் கேட்டால் 'மோ.க.காந்தி' என்று தமிழிலேயே கையொப்பமிட்டதும் உண்டு. காரைக்குடியில் ஜவாஹர்லால் நேரு 1948 ஜூலை 25 அன்று மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். அதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் வள்ளல் அழகப்பச் செட்டியார். அன்றைய அழைப்பிதழில் நேருவின் கையொப்பம் இருந்தால் நம்பலாமா? நம்புவதற்கு இடமுண்டு, ஆனால் அது யார் வீட்டில் இருந்தது, எப்படி வந்தது என்று கேட்டு, பதில் வந்த பிறகே நம்ப வேண்டும். வந்த வழி தெரியாத கையொப்பம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்குப் பாதி விலைதான்.

சட்டமும் ஒன்று இருக்கிறது. 1972-ஆம் வருஷத்துப் பழம்பொருள் சட்டப்படி, சரித்திர மதிப்புள்ள கையெழுத்துப் பிரதியோ தஸ்தாவேஜோ எழுபத்தைந்து வருஷத்துக்கு மேற்பட்டதானால் அது பழம்பொருள். தனி மனிதர் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது. ஏலத்தில் சுத்தியல் விழுந்த தொகையோடு கம்பெனியின் கமிஷனும் வரியும் சேரும் என்பதையும் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். மூன்று தரம் கூறி முடித்த பிறகு பர்ஸைத் திறந்து பார்த்து விழிப்பது நமது நண்பர்களுள் சிலருக்கு வழக்கமாகிவிட்டது.

காகிதம் சேர்ப்பதில் செட்டிநாட்டில் ஒரு சக்கரவர்த்தி இருந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா. தொழிலால் விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பெருஞ்செல்வரல்லர். கையில் வந்த காசையெல்லாம் பழம் புத்தகத்தில் போட்டார். புத்தகம் மட்டுமா? நாடக நோட்டீசு, பாட்டுப் புத்தகம், கலியாணப் பத்திரிகை, கடிதம் என்று பிறர் குப்பையில் எறிவதையெல்லாம் வாங்கி, பூச்சி அரிக்காமல் காத்தார். 1992-இல் அவர் காலமானபோது அந்தக் கோட்டையூர் வீட்டில் ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. தனித்தனியாக ஏலத்தில் விட்டிருந்தால் நல்ல பணம் வந்திருக்கும். பத்து தேசங்களுக்குச் சிதறியும் போயிருக்கும். சிகாகோ சர்வகலாசாலை அதை மொத்தமாக விலைக்கு வாங்கியது. வாங்கி அமெரிக்காவுக்குக் கப்பலேற்றவில்லை. சென்னையிலேயே 1994-இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் என்று நிறுவச் செய்தது. தமிழ் ஆராய்ச்சியில் இறங்கும் எவரும் இன்று அந்தப் படியை மிதிக்காமல் இருக்க முடியாது. நம் ஊர்ச் செல்வர்கள் அதை வாங்கவில்லையே என்ற வருத்தம் நமக்கு இன்னும் தீரவில்லை. அதை இங்கே மறைத்துச் சொல்லவும் நமக்கு மனமில்லை.

முனீஸ்வரன் கோயில் தெருவில் நாம் விட்டு வந்த தகரப் பெட்டிக்குத் திரும்புகிறோம். கடைக்காரர் அதில் யுத்த காலத்து ரங்கூன் கார்டுகள் ஏழெட்டைத் தனியே எடுத்து ரப்பர் வளையம் போட்டு வைத்திருந்தார். அவற்றுக்குப் பட்டணத்து ஏலத்தில் நல்ல விலை வரும் என்று அவருக்குத் தெரியும். தலை இருந்தது, இல்லாதது, தனியே வைத்தது எல்லாவற்றையும் சேர்த்தே கேட்டோம். வெகு நேரம் பேரம் நடந்தது. எவ்வளவு கொடுத்தோம் என்பதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. ஆகையால் இங்கும் சொல்வதற்கில்லை.

கார்டுகளில் இருந்த விலாசம் காரைக்குடிக்கு அடுத்த ஓர் ஊரைச் சேர்ந்தது. கடைசிக் கார்டில் 1941 அக்டோபர் முத்திரை. டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது. அடுத்த மார்ச்சில் நகரம் ஜப்பானியர் வசமாயிற்று. அதற்கப்புறம் பெட்டியில் ஒரு வரியும் இல்லை. அந்த வெற்றிடம் நம்மைச் சும்மா இருக்க விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டைக் கையிலெடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனோம்.

முகப்பில் பாதி இடிந்திருந்தது. பாகப் பிரிவினையில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்து, உள்ளே இருந்ததை அப்படியே ஒரு வியாபாரியிடம் பேசிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். பட்டாலையில் உட்கார்ந்திருந்த ஆச்சிக்கு எண்பத்தைந்துக்கு மேல் இருக்கும். கார்டை நீட்டினோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டி உரக்க வாசித்தார். நெல் விலை வந்தது. மேலாளுக்குக் காய்ச்சல் என்று வந்தது. 'சின்னவளுக்குப் பட்டுத் துணி வாங்கியிருக்கிறேன், வரும்போது கொண்டுவருகிறேன்' என்று வந்தது. அங்கே நிறுத்திவிட்டார்.

"எங்க அப்பச்சி எங்க அப்பத்தாளுக்கு எழுதினது. பர்மாவிலிருந்து நடந்து வந்தவுக வழியிலேயே போயிட்டாகன்னு, கூட வந்தவுக சொன்னாக. படம் ஒண்ணு இருக்கு. கையெழுத்தை நான் பார்த்ததில்லை" என்றார்.

கட்டு முழுவதும் உங்களுடையதுதான், வைத்துக்கொள்ளுங்கள் என்றோம். ஆச்சி சற்று யோசித்தார். ஒரு கார்டை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மற்றவற்றை நம் பக்கம் நகர்த்தினார்.

"இது போதும். பிள்ளைகள் வெளியூர்ல இருக்காக. எனக்கப்புறம் திரும்பவும் கடைக்குத்தான் போகும். நீங்க படிக்கிறவுக கையிலே சேர்த்திடுங்க. ஆனா வெட்டிப்பிடாதீங்க" என்றார்.

பிறகு உள்ளே திரும்பி, வந்தவர்களுக்குக் காப்பி கொண்டுவரச் சொன்னார்.